காரணமே தெரியாம ரத்தம் வருது, ரத்தம் கட்டுது: ஆட்டோ இம்யூன் ரத்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அடிக்கடி கேக்குற கேள்விகள்

அடிபடல, விழல, ஆனா கால்ல சிவப்பு சிவப்பா புள்ளி, தொடையில ஊதா கலர்ல ரத்தக்கட்டு, பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம். இருபது முப்பது வயசுல இப்படி வந்து நிக்கிறவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் கேக்குற கேள்விகளை இங்க சேத்து வச்சிருக்கேன். நான் ரத்தப் பரிசோதனை லேப்ல மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவன், டாக்டர் இல்ல, அதனால எந்த மருந்தை ஆரம்பிக்கணும் எதை நிறுத்தணும்ங்கிறதை உங்க ஹெமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர்தான் சொல்லணும். ஆனா எந்த டெஸ்ட் எதுக்கு எடுக்குறாங்க, எதை முதல்ல எடுக்கணும், ரிப்போர்ட்ல எந்த வரியைப் பாக்கணும்னு தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட சரியான கேள்வியைக் கேக்க முடியும்.

ஆட்டோ இம்யூன் ரத்தக் கோளாறுன்னா என்ன?

கிருமியை அடிக்க வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தி, நம்ம ரத்தத்துல இருக்குற ஏதோ ஒண்ணையே அந்நியன்னு நினைச்சு ஆன்டிபாடி உண்டாக்கி அழிக்குது, அவ்ளோதான். எதை அழிக்குதோ அதைப் பொறுத்து நோயோட பேர் மாறும். ரத்தக்கசிவை அடைச்சு நிறுத்துற சின்ன அணுவான பிளேட்லெட்டை அழிச்சா ஐடிபி. சிவப்பணுவை அழிச்சா ஆட்டோ இம்யூன் ஹீமோலிடிக் அனீமியா. ரெண்டையும் சேத்து அழிச்சா எவன்ஸ் சிண்ட்ரோம், 1951ல எவன்ஸ்ங்கிற டாக்டர் விவரிச்சதால அந்தப் பேரு. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8ங்கிற புரதத்தை அழிச்சா அக்வயர்டு ஹீமோஃபிலியா. ஆடாம்ட்ஸ்-13ன்னு ஒரு என்சைம் இருக்கு, அதை முடக்கினா டிடிபி, இது ரொம்ப ஆபத்தானது, கீழ தனியா சொல்றேன். சிவப்பணுவை மட்டும் அழிக்கிறதைத் தவிர மத்ததெல்லாம் "காரணம் தெரியாத ரத்தக்கசிவு"ன்னு வந்து நிக்கலாம், ஆனா சிகிச்சை ஒண்ணுக்கொண்ணு வேற, சிலதுல ஒண்ணுக்குக் குடுக்குறது இன்னொண்ணுக்கு ஆகவே ஆகாது.

ரத்தம் வர்ற விதத்தை வச்சே ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், நல்ல டாக்டர் முதல் அஞ்சு நிமிஷத்துல இதைத்தான் பாப்பாங்க. பிளேட்லெட் பிரச்சினைன்னா ரத்தம் தோல்லயும் ஈரமான சவ்வுலயும் வரும்: குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிங்க, முக்கியமா கணுக்கால் பக்கத்துலயும் சாக்ஸ் எலாஸ்டிக் அழுத்துற இடத்துலயும், அப்புறம் மூக்கு, ஈறு, பீரியட்ஸ்ல அளவுக்கு மீறின ரத்தப்போக்கு. வெட்டுப்பட்டா அந்த நிமிஷத்துல இருந்தே நிக்காம கசியும். உறையுற ஃபேக்டர்ல பிரச்சினைன்னா கதை வேற, புள்ளி இருக்காது, பெரிய பெரிய ரத்தக்கட்டு, தசைக்குள்ள வீக்கம், ஊசி போட்ட இடம் பந்து மாதிரி வீங்கிப் போறது, பல்லு புடுங்கினப்ப முதல்ல நின்னுட்டு சில மணி நேரம் கழிச்சு மறுபடி வர்றது.

அந்தப் புள்ளி அலர்ஜியா ரத்தமான்னு வீட்லயே பாக்கலாம். கண்ணாடி டம்ளரோட பக்கத்தைப் புள்ளி மேல வச்சு அழுத்துங்க, மறைஞ்சா அது வெறும் தோல் சிவப்பு, மறையாம அப்படியே தெரிஞ்சா ரத்தம் குழாயை விட்டு வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். அப்படிப்பட்ட புள்ளியோட காய்ச்சலும் சேந்து இருந்தா வீட்ல காத்திருக்கவே வேண்டாம், ரத்தத்துல கிருமி பரவினாலும் இப்படி வரும், அது அவசரம்.

இன்னொண்ணு, வாயைத் திறந்து கண்ணாடியில பாருங்க. கன்னத்தோட உள்பக்கத்துல, நாக்குல கறுப்பா ரத்தக் கொப்புளம் இருந்தா அது தோல்ல மட்டும் புள்ளி இருக்குறதை விட கவலைப்பட வேண்டிய விஷயம். பிளேட்லெட் ரொம்பக் கீழ இறங்கினவங்களுக்குத்தான் பெரும்பாலும் அது வரும்.

எப்போ உடனே எமர்ஜென்சிக்கு ஓடணும்?

இதுவரை வராத மாதிரி கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சு குழறல், குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் வராம போறது. தார் மாதிரி கறுப்பா மலம், ரத்த வாந்தி, சிவப்பா சிறுநீர். மூக்கை 15, 20 நிமிஷம் விடாம அழுத்திப் பிடிச்சும் நிக்காத ரத்தம். மணிக்கு ஒரு பேட் நனையுற பீரியட்ஸ். மயக்கம், மூச்சு வாங்குறது. தலையில அடிபட்டிருந்தா, பாக்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்தாலும் சரி. இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிட்டுக் கிளம்புங்க, மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம்.

டாக்டர் என்னென்ன கேப்பாங்க? நான் என்ன தயாரா வச்சுக்கணும்?

கடந்த ரெண்டு மூணு வாரத்துல எடுத்த எல்லா மாத்திரையும், "அது சாதா மாத்திரைதானே"ன்னு விட்டதும் சேத்து. கோட்ரைமாக்சசோல், ரிஃபாம்பிசின், குயினைன், வான்கோமைசின், வலிப்புக்குக் குடுக்குற வால்ப்ரோயேட், ஹெப்பாரின் இதெல்லாம் பிளேட்லெட்டை இறக்கலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எண்ணிக்கையை இறக்காது, ஆனா இருக்குற பிளேட்லெட்டை வேலை செய்ய விடாது, அதனால எண்ணிக்கை நார்மலா இருந்தும் ரத்தம் வரும். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, ஜிம்ல குடிக்கிறது எல்லாத்தையும் சொல்லிடுங்க, மறைக்கிறதுல லாபம் இல்ல.

அடுத்து, எப்போ இருந்துங்கிறது. இது ரொம்ப முக்கியமான கேள்வி, பல பேரு அவசரத்துல "இப்பதான் ஒரு வாரமா"ன்னு சொல்லிடுவாங்க, ஆனா கொஞ்சம் நோண்டிக் கேட்டா சின்ன வயசுல இருந்தே மூக்குல ரத்தம், வயசுக்கு வந்ததுல இருந்தே பீரியட்ஸ் எட்டு ஒம்போது நாள், அம்மாவுக்கும் அப்படித்தான்னு வரும். அப்படின்னா இது புதுசா வந்த ஆட்டோ இம்யூன் கோளாறா இல்லாம வான் வில்லபிராண்ட் மாதிரி பரம்பரையா வர்ற ரத்தக்கசிவு நோயா இருக்கலாம். அதுக்கு நேர்மாறா, ரெண்டு வருஷம் முன்னாடி பல்லு புடுங்கினப்ப ஒண்ணும் ஆகல, ஆபரேஷன் பண்ணப்ப ஒண்ணும் ஆகலன்னா, அது இப்ப புதுசா வந்ததுன்னு பலமான சாட்சி. பழைய சிபிசி (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) ரிப்போர்ட் ஏதாவது இருந்தா, வேலைக்குச் சேரும்போது எடுத்தது, பிரசவத்துக்கு எடுத்தது, எதுவா இருந்தாலும் தேடி எடுத்துட்டுப் போங்க. அந்த ஒரு பழைய நம்பர் பல புது டெஸ்டை மிச்சப்படுத்தும்.

மூட்டு வலி, வெயில் பட்டா முகத்துல சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டுறது, கருச்சிதைவு, கால்ல ரத்தம் உறைஞ்சது, எடை குறையுறது, ராத்திரி வேர்வை, சமீபத்துல வந்த வைரஸ் காய்ச்சல், போட்ட தடுப்பூசி இதையும் சொல்லணும். டாக்டர் வயித்தைத் தொட்டுப் பாத்து மண்ணீரல் வீங்கியிருக்கான்னு பாப்பாங்க, கழுத்துல அக்குள்ல நெறி கட்டியிருக்கான்னு பாப்பாங்க. வெறும் ஐடிபில மண்ணீரல் பெருசாகாது. கைக்குத் தட்டுப்படுற அளவுக்குப் பெருசா இருந்தா வேற எதையோ தேடணும்.

முதல்ல எடுக்குற டெஸ்ட் எது?

சிபிசி. பிளேட்லெட்டோட நார்மல் சுமார் 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம். ஐடிபின்னு பேர் வைக்க 1 லட்சத்துக்குக் கீழ இருக்கணும்னு 2009ல சர்வதேச நிபுணர் குழு வரையறுத்துச்சு, அதனால 1.3 லட்சம்னு வந்ததுக்கு ராத்திரி தூக்கத்தை விட வேண்டாம், சில வாரம் கழிச்சு மறுபடி பாத்தா போதும்.

ஆனா ரிப்போர்ட்ல பிளேட்லெட் வரியை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. பிளேட்லெட் மட்டும் தனியா குறைஞ்சு, ஹீமோகுளோபினும் வெள்ளையணுவும் சரியா இருந்தா ஐடிபிக்கு வாய்ப்பு அதிகம். மூணும் குறைஞ்சிருந்தா எலும்பு மஜ்ஜையிலயே கோளாறான்னு பாக்கணும். வெள்ளையணு எக்கச்சக்கமா ஏறியிருந்தா லுக்கீமியாவை, அதாவது ரத்தப் புற்றுநோயை நினைக்கணும். அதோட பிடி, ஏபிடிடின்னு ரெண்டு உறைதல் டெஸ்ட், கிட்னி, லிவர், அப்புறம் அணு உடைஞ்சா ரத்தத்துல ஏறுற எல்டிஎச். ஐடிபில பிடியும் ஏபிடிடியும் நார்மலாத்தான் வரும்.

ஸ்மியர்னு எழுதிக் குடுத்தாங்க, மெஷின்ல எண்ணினதுக்கு அப்புறம் அது எதுக்கு?

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டுல வச்சு இன்னொரு கண்ணாடியால இழுத்து மெல்லிசா பூசி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்ல ஒரு மனுஷன் கண்ணால பாக்குறதுதான் ஸ்மியர். மெஷின் எண்ணும், ஆனா அது எண்ணுறது என்னன்னு அதுக்கு எப்பவும் சரியாத் தெரியாது. காரணம் தெரியாத ரத்தக்கசிவுக்கு என்னைக் கேட்டா இதை விட மலிவான, வேகமான, உபயோகமான டெஸ்ட் எதுவும் கிடையாது, இதைப் பாக்காம ஐடிபின்னு பேர் வைக்கிறதை நான் ஏத்துக்கவே மாட்டேன்.

முதல்ல நான் பூச்சு முடியுற ஓரத்துக்குப் போவேன், பிளேட்லெட் கொத்துக் கொத்தா ஒட்டியிருந்தா அங்கதான் கிடக்கும். அப்புறம் உள்ள வந்து சிவப்பணுவைப் பாப்பேன். உடைஞ்சு ஹெல்மெட் மாதிரி, முக்கோணம் மாதிரி துண்டு துண்டா இருந்தா அது டிடிபியா இருக்கலாம், ரிப்போர்ட் டைப் பண்ற வரைக்கும் காத்திருக்காம அப்பவே வார்டுக்கு போன் போகும். நடுவுல வெளுப்பு இல்லாம குண்டு குண்டா உருண்டை சிவப்பணுவா இருந்தா ஆன்டிபாடி சிவப்பணுவையும் தின்னுதான்னு சந்தேகம். சிவப்பணு அளவுக்கே பெரிய ராட்சத பிளேட்லெட்டுங்க நிறைய இருந்தா அது பரம்பரைக் கோளாறா இருக்கலாம். வளராத வெள்ளையணு, அதுவும் உள்ள குச்சி குச்சியா கட்டு கட்டினாப்ல இருந்தா அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. இது இளம் வயசுலயும் வரும், ரத்தக்கசிவாத்தான் ஆரம்பிக்கும், முதல் சில நாள்லயே மூளையில ரத்தம் கசிஞ்சு உயிர் போகலாம், ஆனா வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து ஒண்ணை சந்தேகம் வந்த அன்னைக்கே ஆரம்பிச்சா பெரும்பாலானவங்க முழுசா குணமாகுறாங்க. அதனாலதான் ஸ்மியர் அன்னைக்கே வேணும்னு இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

பிளேட்லெட் 20,000ன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ஆனா எனக்கு ஒரு புள்ளி கூட இல்லையே?

அப்ப அந்த நம்பரையே முதல்ல சந்தேகப்படுங்க. சிபிசிக்கு ரத்தம் எடுக்குற ஊதா மூடி டியூப்ல ரத்தம் உறையாம இருக்க ஈடிடிஏன்னு ஒரு ரசாயனம் இருக்கு, சுமார் ஆயிரத்துல ஒருத்தருக்கு அந்த ரசாயனத்துல பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொத்தாகிடும், மெஷின் அந்தக் கொத்தை எண்ணாது, நம்பர் பயங்கரமா குறைஞ்சு காட்டும். உடம்புல பிளேட்லெட் முழுசா இருக்கும். நீல மூடி சிட்ரேட் டியூப்ல மறுபடி எடுத்து எண்ணினா சரியாயிடும், அந்த டியூப்ல திரவம் கலக்குறதால வர்ற நம்பரை 1.1ஆல பெருக்கணும், அவ்ளோதான். சில பேருக்கு சிட்ரேட்லயும் ஒட்டும், அப்போ ஸ்மியர்ல பாத்துதான் கணிக்கணும். இது நோயே இல்ல, ஆனா இதைக் கவனிக்காம விட்டா ஸ்டீராய்டு வரைக்கும் போயிடும். இப்படி இருக்குன்னு தெரிஞ்சா ஒரு சீட்டுல எழுதி வாங்கி பர்ஸ்ல வச்சுக்குங்க, அடுத்த தடவை வேற ஆஸ்பத்திரியில பதற மாட்டாங்க.

ஐடிபின்னு எப்படி உறுதி பண்றாங்க?

இதுதான்னு காட்டுற ஒரே டெஸ்ட் எதுவும் இல்ல. மத்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இல்லன்னு தள்ளிட்டு, மிச்சம் இருக்குறதை ஐடிபின்னு சொல்றாங்க. சிகிச்சை குடுத்தப்ப நம்பர் ஏறினா அது கூடுதல் ஆதாரம்.

இது ஆன்டிபாடியாலதான் வருதுன்னு தெரிஞ்ச விதமே ஆச்சரியமானது. 1950ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல வில்லியம் ஹாரிங்டன்ங்கிற இளம் டாக்டர், ஐடிபி நோயாளியோட ரத்தத்தைத் தன் உடம்புலயே ஏத்திக்கிட்டாரு. சில மணி நேரத்துல அவரோட பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போச்சு, உடம்பெல்லாம் புள்ளி, வலிப்பு கூட வந்துச்சு, சில நாள் கழிச்சுதான் தேறினாரு. நோயாளியோட ரத்தத்துல பிளேட்லெட்டை அழிக்கிற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அப்படித்தான் நிரூபணம் ஆச்சு. சாதாரணமா ஒரு பிளேட்லெட் 7ல இருந்து 10 நாள் வாழும், ஐடிபில ஆன்டிபாடி ஒட்டின பிளேட்லெட்டை மண்ணீரல் சில மணி நேரத்துலயே வடிகட்டி அழிச்சிடும். போதாததுக்கு மஜ்ஜையில உற்பத்தியும் தேவையான அளவுக்கு ஏறாது.

அப்ப அந்த ஆன்டிபாடியையே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா முடிஞ்சுதே?

எல்லாரும் கேக்குற நியாயமான கேள்வி. டெஸ்ட் இருக்கு, ஆனா ஐடிபி இருக்குறவங்கள்ல பல பேருக்கு அது நெகட்டிவா வருது, நெகட்டிவ்னா நோய் இல்லன்னு சொல்ல முடியாது. அதனாலதான் வழக்கமா அதை எழுத மாட்டாங்க. உங்க டாக்டர் எழுதலன்னா அலட்சியம்னு நினைக்காதீங்க.

எச்ஐவி, ஹெபடைடிஸ் டெஸ்ட்லாம் எதுக்கு எழுதுறாங்க? என்னைத் தப்பா நினைக்கிறாங்களா?

இல்லவே இல்ல. எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் பிளேட்லெட்டைக் குறைக்கும், சில பேருக்கு அந்தத் தொற்றோட முதல் அறிகுறியே இதுதான், வைரஸுக்கு மருந்து குடுத்தா பிளேட்லெட் தானா ஏறும். அதனால வயசு வந்த எல்லாருக்கும் எழுதுறதுதான் முறை, யாரையும் தனியா குறி வச்சு இல்ல. ஹெபடைடிஸ் பி எதுக்குன்னா, பின்னாடி ரிட்டக்சிமாப்ங்கிற மருந்து தேவைப்பட்டா, உள்ள தூங்கிட்டு இருக்குற அந்த வைரஸ் முழிச்சுக்கிட்டு லிவரையே அழிச்சிடும், முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இதோட தைராய்டு, இம்யூனோகுளோபுலின் அளவு, வயித்துல எச் பைலோரிங்கிற கிருமி, பொண்ணுங்களுக்கு கர்ப்ப டெஸ்ட், அறிகுறி இருந்தா லூபஸ் மாதிரி உடம்பு முழுக்கத் தாக்குற ஆட்டோ இம்யூன் நோயைத் தேடுற ஏஎன்ஏ. பி12 குறைஞ்சாலும் பிளேட்லெட் குறையும், அதையும் விட்டுடக் கூடாது.

எலும்பு மஜ்ஜை டெஸ்ட் பண்ணியே ஆகணுமா? ரொம்ப பயமா இருக்கு.

பிளேட்லெட் மட்டும் குறைஞ்சு, ஸ்மியர் சுத்தமா இருந்து, மண்ணீரல் வீங்காம இருந்தா தேவையில்லங்கிறதுதான் இப்போதைய வழிகாட்டுதல். மத்த அணுக்களும் குறைஞ்சிருந்தா, ஸ்மியர்ல சந்தேகமா எதாவது இருந்தா, எடை குறையுறது காய்ச்சல்னு இருந்தா, இல்ல சிகிச்சைக்கு நம்பர் அசையவே இல்லன்னா பண்ணுவாங்க. இடுப்பு எலும்போட பின்பக்கத்துல மரத்துப் போற ஊசி போட்டுட்டு எடுப்பாங்க, உறிஞ்சுற அந்த சில வினாடி மட்டும் சுள்ளுன்னு ஒரு இழுப்பு இருக்கும். பிளேட்லெட் குறைவா இருந்தாலும் அந்த இடத்தை நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டா பண்ணலாம்.

ஹீமோகுளோபினும் சேந்து குறைஞ்சிருக்கு. அப்ப என்ன?

இங்கதான் கவனம் அதிகம் வேணும், ஏன்னா மூணு வழி இருக்கு. ஒண்ணு, ரத்தம் போனதாலயே குறைஞ்சது, மாசக்கணக்கா பீரியட்ஸ்ல போயிருந்தா இரும்புச்சத்தும் காலியாகி சிவப்பணு சின்னதா வெளுத்துப் போயிருக்கும், ஃபெரிட்டின் பாத்தா தெரியும்.

ரெண்டு, எவன்ஸ். கண்ணு லேசா மஞ்சள், சிறுநீர் டீ கலர், எல்டிஎச் ஏறியிருக்கும், ரெட்டிகுலோசைட் (புதுசா பிறந்த சிவப்பணு) ஏறியிருக்கும், ஹாப்டோகுளோபின் (சிவப்பணு உடைஞ்சா செலவாகுற புரதம்) இறங்கியிருக்கும். டைரக்ட் கூம்ப்ஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, சிவப்பணு மேல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பாக்குறது, அது பாசிட்டிவா வரும். எவன்ஸ்னு வந்தா அங்க நிறுத்தாம பின்னாடி லூபஸ் இருக்கா, பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு இருக்கா, லிம்ஃபோமா (நெறிகள்ல வர்ற புற்றுநோய்) இருக்கான்னு தேடணும், இளம் வயசுக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

மூணாவதுதான் டிடிபி. இதுல சின்னச் சின்ன ரத்தக் குழாய்ல பிளேட்லெட் கட்டி கட்டியா அடைச்சுக்கும், அதைத் தாண்டிப் போற சிவப்பணு கிழிஞ்சு துண்டாகும், கூம்ப்ஸ் நெகட்டிவ், பிடி ஏபிடிடி பெரும்பாலும் நார்மல், எல்டிஎச் எகிறியிருக்கும். தலைவலி, குழப்பம், பேச்சு குழறல், நெஞ்சு வலி வரலாம், ஆனா அது எதுவும் இல்லாமலும் வரலாம், எல்லா அறிகுறியும் முழுசா தெரியட்டும்னு காத்திருந்தா ஆளு இருக்க மாட்டாங்க. சிகிச்சை இல்லன்னா பத்துல ஒம்போது பேரு இறந்துடுவாங்க, பிளாஸ்மாவை (ரத்தத்தோட திரவப் பகுதி) மாத்துற சிகிச்சையை உடனே ஆரம்பிச்சா பெரும்பாலானவங்க பிழைக்கிறாங்க. ஆடாம்ட்ஸ்-13 அளவு 10 சதவீதத்துக்குக் கீழ வந்தா உறுதி, ஆனா அந்த ரிசல்ட் வர நாள் ஆகலாம், அதனால பிளாஸ்மா ஏத்துறதுக்கு முன்னாடி ரத்தத்தை எடுத்து வச்சுட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம சிகிச்சையை ஆரம்பிச்சிடணும்.

பிளேட்லெட் நார்மல்தான், ஆனாலும் பெருசு பெருசா ரத்தக்கட்டு வருது?

ஏபிடிடியைப் பாருங்க. பிடி நார்மலா இருந்து ஏபிடிடி மட்டும் நீண்டிருந்தா லேப்ல மிக்சிங் ஸ்டடின்னு ஒண்ணு பண்ணுவோம். உங்க பிளாஸ்மாவோட நார்மல் பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி ஓட்டுவோம். நேரம் சரியாகிடுச்சுன்னா உங்க ரத்தத்துல ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு. சரியாகலன்னா உள்ள ஏதோ தடுக்குது. அக்வயர்டு ஹீமோஃபிலியால ஒரு விசேஷம் உண்டு, கலந்த உடனே பாத்தா சரியான மாதிரி காட்டும், அதையே 37 டிகிரியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சிருந்து பாத்தா மறுபடி நீண்டுடும், ஏன்னா அந்த ஆன்டிபாடி மெதுவா வேலை செய்யும். அந்த ரெண்டு மணி நேரம் காத்திருக்கலன்னா நோய் கைநழுவிப் போயிடும். அப்புறம் ஃபேக்டர் 8 அளவு, தடுப்பான் எவ்ளோன்னு பெதஸ்டா டெஸ்ட். இது பெரும்பாலும் வயசானவங்களுக்கு வர்றது, ஆனா இளம் பெண்களுக்கு பிரசவம் முடிஞ்சு சில வாரம், சில மாசம் கழிச்சும் வரும், "பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தான் இருக்கும்"னு விட்டுடுவாங்க. இதுல சந்தேகம் இருந்தா தசையில ஊசி போடவே கூடாது.

குழப்புற இன்னொரு ஆன்டிபாடி லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட். அதுவும் ஏபிடிடியை நீட்டும், கலந்தாலும் சரியாகாது, ஆனா உடம்புக்குள்ள அது செய்றது நேர்மாறு, ரத்தம் உறையுற ஆபத்தைத்தான் கூட்டும். ரொம்ப அபூர்வமா அதோட சேந்து புரோத்ராம்பின்ங்கிற உறையுற புரதமும் குறைஞ்சு ரத்தக்கசிவு வரும், அப்போ பிடியும் நீண்டிருக்கும்.

பிளேட்லெட், பிடி, ஏபிடிடி எல்லாமே நார்மல்னு வந்தாலும் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிட்டா திருப்தியாகிடாதீங்க. வான் வில்லபிராண்ட் டெஸ்ட், பிளேட்லெட் வேலை செய்யுதான்னு பாக்குற டெஸ்ட் ரெண்டும் மிச்சம் இருக்கு.

சிகிச்சையை முதல்ல ஆரம்பிச்சுட்டு டெஸ்ட்டை அப்புறம் பாத்துக்கலாமா?

உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவுன்னா சிகிச்சைதான் முதல்ல. அப்பவும் ஊசி போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு டியூப் ரத்தம் எடுத்து வைக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். ஸ்டீராய்டு குடுத்துட்டா சில வகை லுக்கீமியா அணுக்கள் கொஞ்ச நாளைக்கு ஒளிஞ்சுக்கும், லிம்ஃபோமாவும் அப்படித்தான். ஐவிஐஜிங்கிறது ஆயிரக்கணக்கானவங்க பிளாஸ்மால இருந்து சேத்து எடுத்த ஆன்டிபாடி, அதை ஏத்தின பிறகு வைரஸ் ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணா அடுத்தவங்களோட ஆன்டிபாடி உங்களோடதா காட்டும், கூம்ப்ஸ் கூட பாசிட்டிவா வரலாம். ரத்தம், பிளாஸ்மா ஏத்தினாலும் டெஸ்ட் ரிசல்ட் கலங்கும். வீட்டு ஆளுங்க இதை மரியாதையா கேக்கலாம்: "டாக்டர், மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய ரத்தமெல்லாம் எடுத்தாச்சுங்களா?"

பிளேட்லெட் ஏத்தினா சரியாகிடாதா?

ஐடிபில ஏத்துன பிளேட்லெட்டையும் அதே ஆன்டிபாடி அழிச்சிடும், சில மணி நேரம் நிக்கும். மூளையில, வயித்துல ரத்தம் வர்ற மாதிரி உயிர் ஆபத்துன்னா ஐவிஐஜி, ஸ்டீராய்டோட சேத்து ஏத்துவாங்க. நம்பரைப் பாத்து மட்டும் ஏத்துறதுல பலன் இல்ல. டிடிபில ஏத்துறது அடைப்பை இன்னும் மோசமாக்கலாம்னு தவிர்ப்பாங்க. ரத்தக்கசிவு இல்லாதப்ப நோய் பேர் தெரியுற வரைக்கும் அவசரப்பட வேண்டாம்னு சொல்றது இதனாலதான்.

நம்பர் எவ்ளோ இருந்தா மருந்து ஆரம்பிப்பாங்க?

பெரியவங்களுக்கு 30,000க்குக் கீழ இருந்தா ஸ்டீராய்டு, 30,000க்கு மேல இருந்து ரத்தக்கசிவு இல்லன்னா மருந்து இல்லாம கவனிச்சா போதும்னு அமெரிக்க ஹெமட்டாலஜி சங்கத்தோட 2019 வழிகாட்டுதல் சொல்லுது. ப்ரெட்னிசோலோன் தினமும், இல்லன்னா டெக்சாமெத்தசோன் 40 மில்லிகிராம் நாலு நாளு. பெரும்பாலானவங்களுக்கு முதல்ல ஏறும், குறைக்கும்போது பல பேருக்கு மறுபடி இறங்கும். அப்படி இறங்குதேன்னு மாசக்கணக்கா ஸ்டீராய்டை இழுத்துட்டுப் போகக் கூடாது, ஆறு வாரத்துக்குள்ள முடிக்கணும்னு அதே வழிகாட்டுதல்ல இருக்கு. சர்க்கரை, எலும்பு தேய்மானம், தூக்கமின்மை, மனசு கலங்குறதுன்னு அது தர்ற தொல்லை சில சமயம் நோயை விடப் பெருசு. எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் மாதிரி உற்பத்தியைத் தூண்டுற மருந்து இருக்கு, ரிட்டக்சிமாப் இருக்கு. மண்ணீரலை எடுக்குறதுன்னா முடிஞ்சவரை முதல் வருஷத்துல வேண்டாம்பாங்க, ஏன்னா தானாவே சரியாகுறவங்க இருக்காங்க, எடுத்தாலும் முன்னாடியே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியெல்லாம் போட்டுக்கணும்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல எப்படி இருக்குறது?

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோட. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். மெத்துனு இருக்குற பிரஷ். மோதுற விளையாட்டும் பைக் சாகசமும் இப்போதைக்கு வேண்டாம், நடக்கலாம், வேலைக்குப் போகலாம். பீரியட்ஸ் அதிகமா இருந்தா பொறுத்துக்காதீங்க, ட்ரானெக்சாமிக் ஆசிட், ஹார்மோன் மாத்திரைன்னு வழி இருக்கு, ஆனா லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் இருக்குறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது, அதனால டாக்டரைக் கேட்டுட்டுதான். புள்ளி வந்த இடத்தை தினமும் ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஒரு வாரத்துல மறைஞ்சிடும், அப்புறம் வார்த்தையில சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம்.

ஒரு வருஷமா ஐடிபின்னு மருந்து சாப்பிடுறேன், எதுக்கும் கேக்கல. டயக்னோசிஸ் தப்பா இருக்குமா?

இருக்கலாம், திரும்பக் கேக்குறதுல தப்பே இல்ல. ஸ்டீராய்டு, ஐவிஐஜி எதுக்குமே ஒரு தடவை கூட நம்பர் ஏறலன்னா முதல் சந்தேகம் பரம்பரைக் குறைபாடு. ராட்சத பிளேட்லெட், வீட்ல வேற யாருக்காவது குறைவு, கூடவே காது கேக்குறதுல பிரச்சினை, கிட்னி பிரச்சினைன்னா எம்ஒய்எச்9 மாதிரி ஜீன் டெஸ்ட் பத்திக் கேளுங்க. இப்படிப்பட்டவங்க ஐடிபின்னு மண்ணீரலையே எடுத்துட்டு வந்த கதையெல்லாம் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. வான் வில்லபிராண்ட்ல 2பின்னு ஒரு வகையும் பிளேட்லெட்டைக் குறைக்கும். அடிக்கடி சளி, நிமோனியா வந்தா இம்யூனோகுளோபுலின் அளவைப் பாக்கணும். முதல்ல நெகட்டிவா இருந்த ஏஎன்ஏ ரெண்டு மூணு வருஷம் கழிச்சு லூபஸா வெளிய வரலாம், மூட்டு வலியோ முகத்துல சிவப்போ புதுசா வந்தா சொல்லுங்க. மஜ்ஜை டெஸ்ட் இதுவரை பண்ணலன்னா இப்ப பண்ண வேண்டிய நேரம். போகும்போது ஒரு தாள்ல தேதி, பிளேட்லெட் நம்பர், அப்போ எடுத்துட்டு இருந்த மருந்து, அதோட அளவுன்னு வரிசையா எழுதிட்டுப் போங்க, பழைய ஸ்மியர் கண்ணாடி லேப்ல இருந்தா அதையும் கேட்டு வாங்கிக் குடுங்க, புது டாக்டர் முதல்ல அதைத்தான் பாக்கணும்பாங்க.